ஒரு புள்ளிகூட இல்லாத கேமரா

ச்சளக்.

இதுதான் நான் முதலில் கேட்டது தம்பி. எல்லாரும் ‘க்ளிக்’ என்கிறார்கள். அது தப்பு. க்ளிக் என்பது டார்ச் லைட் சத்தம். கேமராவுக்குள்ளே ஒரு கண்ணாடி மேலே எழும்ப வேண்டும், ஒரு திரை திறந்து மூட வேண்டும், எழும்பின கண்ணாடி திரும்ப வந்து உட்கார வேண்டும். அதற்கு ச்சளக் என்றுதான் கேட்கும். அதிலும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு தொண்டை உண்டு. என் கேமராவின் தொண்டையை ஒரு கல்யாண மண்டபத்து இரைச்சலுக்கு நடுவில்கூட நான் சொல்லிவிடுவேன்.

நல்ல பகல். நான் உள்ளறையில் படுத்திருக்கிறேன், கண்ணுக்கு மேல் ஈரத்துண்டு. ஐஸ் பிளாண்டில் எனக்கு ராத்திரி வேலை. கம்ப்ரசருக்குக் காவல். அதனால் பகல்தான் எனக்கு ராத்திரி. தூக்கத்துக்குள்ளே அந்தச் சத்தம் வந்தது. கனவு என்று புரண்டு படுத்தேன். மறுபடியும் ச்சளக். கூடவே என் வீட்டுக்காரி கோமதியின் குரல், மூச்சுக்குள்ளே பேசுகிற மாதிரி:

“மெல்லச் சிரிங்க. அவுக முழிச்சிருவாக.”

இருங்கள், முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் கேமராப் பை இருக்கிறது. காலிப் பைதான், ஆனாலும் அமுங்கினால் உள்ளே இருக்கிற பஞ்சுத் தடுப்பு மடங்கிவிடும். பாயில் உட்காருங்கள். உங்கள் அம்மா படத்துக்காக வந்திருக்கிறீர்கள். வாசலிலேயே எல்லாம் சொல்லிவிட்டீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் மாட்ட வேண்டும், பழைய படங்கள் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன, ஆதார் கார்டில் இருப்பதைப் பெரிதாக்கினால் யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்கிறார்கள். அம்மா போனில் சொல்லியிருக்கிறார்கள், “ஐஸ் பிளாண்டுக்காரர் வீட்டு அக்கா என்னைப் போட்டோ பிடிச்சிருக்கா, அடுத்த வாரம் தருவா” என்று. அதைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

செல்லக்கனி அம்மா மகன் என்று சொன்னதுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. கருவாட்டுக் கூடையோடு இந்தத் தெருவுக்கு வருகிறவர்கள். கூடையை வாசல்படிக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். மரியாதைக் குறைவாக இல்லை. கருவாடு முழுக்க உப்பு. அவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கூடையை வெளியே வைத்துவிட்டுத்தான் குனிந்து வருவார்கள். நல்ல மனுஷி. போய்விட்டார்கள் என்று கேட்டபோது எனக்கும் மனசுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் எனக்கு இந்த வீட்டில் நடந்ததை விட்டுவிட்டு அந்தப் படத்தை மட்டும் தனியாகச் சொல்ல வராது. அது என்ன, புளியங்கொட்டையா, உருவித் தனியாக எடுத்துக் கொடுக்க?

நம்முடைய ஊரில் கேமரா வைத்திருப்பது என்றால் என்ன தெரியுமா? நேர் எதிரே கடல். காற்றில் உப்பு. இந்த ஜன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுவென்று வரும். கம்பிக்கே இந்தக் கதி. நான் கேமரா வாங்கின புதிதில் விவரம் இல்லாமல் இருந்தேன். வேலை முடிந்து விடியும்போது வெளியே வந்தால் துறைமுகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். படகு, வலை, ஐஸ் உடைக்கிறவர்கள், மேலே பறவை. அதையெல்லாம் எடுக்கத்தான் வாங்கினேன். சில நாள் எடுத்தேன். ஒருநாள் லென்சைத் திருப்பினால் கரகர என்றது. மணல். ரிப்பேர் கடைக்காரர் பிரித்துக் காட்டினார், வளையத்துக்குள் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் விட்டிருக்கும் என்றார். பூஞ்சை வந்த லென்சுக்கு வைத்தியம் கிடையாது தம்பி.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், இதைக் காப்பாற்ற வேண்டும் என்று.

யாரும் சொல்லித் தரவில்லை. யூடியூபில் பார்த்தேன், கூடவே கொடுத்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். ஊதுகிற ரப்பர் பந்து இருக்கிறதே, அதை எந்தப் பக்கம் சாய்த்து ஊத வேண்டும், வாயால் ஏன் ஊதக் கூடாது, துணியை நடுவிலிருந்து வெளியே எப்படிச் சுற்ற வேண்டும், எல்லாம் நானாகக் கற்றதுதான். பீரோவில் மேல் தட்டைக் காலி பண்ணி ஒரு சின்ன பல்பு போட்டேன், ஈரம் அண்டாமல் இருக்க. கோமதியின் சேலையெல்லாம் கட்டிலுக்கு அடியில் சூட்கேசுக்குப் போயிற்று. வீட்டில் சாம்பிராணி போடக் கூடாது, ஊதுபத்தி கூடாது. மீன் பொரிக்கும்போது இந்தக் கதவைச் சாத்த வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் இருந்தாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்:

“சாமிக்கும் மூச்சு முட்டுது, எனக்கும் மூச்சு முட்டுது. அதுக்கு மட்டும் காத்து வேணுமாக்கும்?”

நான் சிரித்துவிட்டேன். தமாஷாகச் சொல்கிறாள் என்று.

இன்னொன்றும் படித்தேன். கேமராவுக்குள் திறந்து மூடுகிற அந்தத் திரைக்கு ஆயுசு உண்டு. இத்தனை தடவை திறந்து மூடினால் ஓய்ந்துவிடும் என்று கம்பெனிக்காரனே சொல்கிறான். கண்டதையும் எடுப்பது என்பது அதன் ஆயுசைக் குடிப்பது. ஆகவே குறைத்துக்கொண்டேன். வாரம் ஒருநாள், சுத்தம் பண்ணி முடித்ததும், அந்தச் சுவரை ஒரே ஒரு படம் எடுப்பேன். அதோ, அந்த வெள்ளைச் சுவர். வெள்ளையாக ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உள்ளே தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். என்னுடைய சுவர்ப் படங்களைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஒருதடவை காட்டினேன். உற்று உற்றுப் பார்த்தார். “அண்ணாச்சி, இதில என்ன இருக்கு?” என்றார். “அதான். ஒண்ணுமே இல்லை பார்த்தியா” என்றேன்.

அப்படி வைத்திருந்த கேமரா தம்பி.

அதைத்தான் இந்தக் கூடத்தில், நான் தூங்கிக்கொண்டிருக்கிறபோது, ச்சளக், ச்சளக் என்று.

எழுந்து வந்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். கோமதி ஜன்னல் பக்கம் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், கேமராவைக் கண்ணில் வைத்திருக்கிறாள். சேலை முந்தானையைக் கேமராவுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறாள். எதிரே நாலாவது வீட்டு ஜெயந்தி, மடியில் குழந்தை. வாசலில் இன்னும் ரெண்டு பெண்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏன் கையில்? சத்தம் கேட்டால் நான் எழுந்துவிடுவேனாம். வரிசையில் நிற்கிறார்கள் தம்பி, ரேஷன் கடை மாதிரி. என் வீட்டில். நான் அந்தப் பக்கம் படுத்திருக்கிறேன்.

ஜெயந்திதான் முதலில் என்னைப் பார்த்தாள். “யக்கோவ்” என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் வாசல் காலி.

“எத்தனை நாளாட்டி இது?” என்று கேட்டேன்.

“அது ஆச்சு ஒரு நாலஞ்சு மாசம்” என்றாள். கருவேப்பிலை வாங்கினதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“பீரோ சாவி?”

“அரிசி டிரம்முல போட்டு வைக்கிய. அரிசி அளக்கது யாரு, நீங்களா?”

“உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“நீங்கதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதைப் பிரிச்சு வச்சுக்கிட்டு வெங்காயம் உரிக்கிற என்கிட்ட பேசிக்கிட்டே இருப்பியளே. இந்த நம்பரைக் கூட்டினா வெளிச்சம் வரும், இதைக் குறைச்சா பின்னாடி மங்கும்னு. எனக்குக் காது இல்லைன்னு நெனைச்சியளா?”

பாருங்கள். என்னிடமே படித்து எனக்கே துரோகம். அதைவிட ஒன்று, இந்தத் தெருவே சேர்ந்து. பால்காரருக்குத் தெரியும், இஸ்திரிக்காரருக்குத் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் வேலைக்குப் போகும்போது எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்வார்கள். நானும் மனுஷன் என்று மதித்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சிரிப்பு.

சிரிப்பு என்று சும்மா சொல்லவில்லை. சாட்சி இருந்தது. உள்ளே இருந்தது என் மெமரி கார்டு இல்லை, அவள் தனியாக வாங்கி வைத்திருந்த கார்டு; அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அவள் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு இந்த இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். படம் பார்க்கவில்லை, புள்ளி தேடினேன். சாம்பார் கையோடு தொட்டாளா, லென்சைக் கழற்றினாளா, உள்ளே தூசி போயிற்றா என்று. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, மூலைக்கு மூலை. தெருவில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் இருக்கிறார்கள். கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், பள்ளிக்கூடத்து யூனிபார்மில் ஒரு பெண். எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு. உதட்டை மடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, சத்தம் வராமல் அடக்கின சிரிப்பு. போட்டோ ஸ்டுடியோவில் போய்ப் பாருங்கள், எவனாவது அப்படிச் சிரிக்கிறானா? அது என்னை நினைத்துச் சிரித்தது தம்பி. நான் உள்ளே படுத்திருப்பதை நினைத்து.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. அந்தப் படங்களுக்கு நடுநடுவே நான். தூங்குகிறேன். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, ஒவ்வொரு நாளைக்கும் முதல் படம் நான்தான். வாயைத் திறந்துகொண்டு, ஒருக்களித்துக்கொண்டு, பனியன் ஏறி வயிறு தெரிய. ஏன் எடுத்தாள்? நான் நன்றாகத் தூங்கிவிட்டேனா என்று சோதிக்க. சத்தத்துக்கு எழுகிறேனா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடையைத் திறப்பது. எவ்வளவு யோசனை பாருங்கள். அவளிடம் கேட்டேன்.

“முழிச்சிருக்கும்போது உங்க மொகத்தை நான் எப்பப் பார்க்க?” என்றாள். கேட்ட கேள்விக்குப் பதிலா இது?

கடைசியாக ஒன்று சொன்னாள். “ஒரு ஆளு மூஞ்சி படாத கண்ணாடியை எதுக்குங்க அவ்வளவு தொடைக்கிய? என்னை ஒரு தடவ எடுத்திருக்கியளா?”

“நீ எங்கே போகப்போற? எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்” என்றேன். நியாயமாகத்தானே சொன்னேன்?

ஆமாம், வருகிறேன், உங்கள் அம்மா படத்துக்குத்தான் வருகிறேன். அந்த மெமரி கார்டு எங்கே என்கிறீர்கள். கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அதோ கேமராவுக்குள். ஆனால் தம்பி, நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். சுத்தம் பண்ணினால் பாதியில் நிறுத்த மாட்டேன். லென்ஸ், பாடி, பேட்டரி முனை, எல்லாம் துடைத்து, கடைசியில் கார்டு. ஒவ்வொரு படமாக அழிக்கிறவன் அரைகுறை. கார்டுக்குள் குப்பை தங்கிவிடும். மொத்தமாக ஃபார்மட் பண்ண வேண்டும். அதிலும் மேலாகத் துடைக்கிற ஃபார்மட் ஒன்று, அடியோடு துடைக்கிற ஃபார்மட் ஒன்று. ரெண்டாவதற்குத் தனியாக ஒரு டிக் போட வேண்டும். பாதிப் பேருக்கு அந்த டிக் இருப்பதே தெரியாது.

அவள் கேட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. “பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டு அழிச்சிருங்க. ஆளுகட்ட சொல்லிருக்கேன். அந்தக் கருவாட்டுக்கார அம்மா தெனம் கேக்காவ” என்றாள். கேமராவில் கை வைக்கவில்லை, பக்கத்தில் நின்று கேட்டாள். என் கோபம் எனக்கு. முதலில் டிக் போட்டேன், அப்புறம் ஓகே அமுக்கினேன். கேமராவின் பின்பக்கத் திரையில் ஒரு கோடு மெதுவாக ஓடி முடிந்தது. அவள் அந்தக் கோடு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தோசை ஊற்றி ஹாட்பாக்சில் வைத்தாள், சட்னியை மூடி வைத்தாள், கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேசை இழுத்தாள், தங்கச்சி வீட்டுக்கு ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு இல்லை. தங்கச்சிக்கு ஒத்தாசைக்கு. ஒவ்வொரு நாளும் போன் போடுகிறேன், அங்கே சிக்னல் கிடையாது போல.

கடையில் கொடுத்தால் அழிந்ததைத் திரும்ப எடுத்துக் கொடுப்பார்களாமே என்கிறீர்கள். எடுப்பார்கள். சாதா ஃபார்மட் என்றால் எடுப்பார்கள். நான் சாதா ஃபார்மட் பண்ணுகிற ஆள் இல்லை தம்பி. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஒருத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஏன் போனேன் என்றால்... உங்கள் அம்மா தவறிவிட்டதாக ஜெயந்தி தெருவில் நின்று சத்தமாகச் சொன்னாள், என் வீட்டைப் பார்த்து. அதற்காகப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இவ்வளவு சுத்தமா நான் ஒரு கார்டைப் பார்த்ததில்ல” என்றார்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். படம்தான் இல்லை. பார்த்தவன் இருக்கிறேன் இல்லையா.

நான் அதை எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? மற்ற படத்தையெல்லாம்விட அதைத்தான் அதிகம். ஏன் என்றால் அதில் ஒரு புள்ளி இருந்தது. சொல்கிறேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே இடம். இதே பாய். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டிருக்கிறாள், அது அவளாக யோசித்ததுதான், நான் சொல்லித் தரவில்லை. வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறது. அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், கூடை தூக்குகிறவர்கள் கிடைத்த இடத்தில் காலை நீட்டுவார்களே, அப்படி. சும்மாடு துணியைப் பிரிக்காமல் தலையிலேயே விட்டுவிட்டார்கள், ஒரு பக்கம் சரிந்து காதை மூடியிருக்கிறது. அது தப்பு, எடுக்கிறவள் கவனித்திருக்க வேண்டும். கல் மூக்குத்தியில் வெளிச்சம் நேராக விழுந்து வெடித்துவிட்டது. அந்த இடத்தில் வெள்ளை மட்டும்தான். அதுவும் தப்பு.

கைதான் பெரிய தப்பு. சிரிப்பு வந்திருக்கிறது, பல் தெரியக் கூடாது என்று வாயை மூடக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். கேமராத் திரை மெதுவாக மூடியிருக்கிறது, கை அலுங்கிவிட்டது. விரல் எல்லாம் புகை மாதிரி. ஆனால் கை வாய்க்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில்தான் இருக்கிறது. அதனால் வாய் முழுக்கத் தெரிகிறது. கீழே ஒரே ஒரு பல். கண் ரெண்டும் சுருங்கிப் போய், உள்ளறைப் பக்கம் பார்க்கிறார்கள், என் கதவை. அந்தக் கண்தான் ஃபோகஸ். வலது கண். இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம்.

வீடியோ காலில் நெற்றியும் ஃபேனும்தான் தெரியும் என்கிறீர்கள். பல் விழுந்ததிலிருந்து முகத்தைக் காட்டவே மாட்டார்களா? இதில் காட்டியிருந்தார்கள் தம்பி. எனக்கென்ன வந்தது பொய் சொல்ல.

புள்ளியைச் சொல்லவில்லையே. முழங்கைக்குக் கீழே ஒரு புள்ளி தெரிந்தது. படம் பதிகிற சென்சாரில் தூசி ஏறிவிட்டது, போச்சு என்று நினைத்தேன். பெரிதாக்கினேன், பெரிதாக்கினேன். தூசி இல்லை. மீன் செதில். கருவாடு கட்டும்போது ஒட்டியிருக்கும், கழுவும்போது போகவில்லை.

இன்னொரு தடவையா? எதை, கையையா, கண்ணையா? முதலிலிருந்தா? சரி. இதே பாய். வெளிச்சம் இடது பக்கம்...

கண்ணைக் கசக்காதீர்கள், சிவந்துவிடும். இந்தாருங்கள், துடைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் துணிதான், நூலே விடாது. பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். கையால் படம் வரைகிறவர் யாராவது உங்களுக்குப் பழக்கம் இருந்தால் கூட்டி வாருங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். பகலில் வந்தாலும் சரி, தூங்காமல் இருக்கிறேன்.

ஸ்ரீவைகுண்டம் போய்க் கோமதியையும் பார்க்கப் போகிறீர்களா? எதற்கு? அவளுக்கு வேறு ஏதாவது நினைவிருக்கும் என்றா? போங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழரத வீதியில் மாவு மில்லுக்கு எதிர் சந்து. ரெண்டு பேரும் பெரும்பாலும் வாசலில்தான் இருப்பார்கள். அக்கா யார் தங்கச்சி யார் என்று எப்படித் தெரியுமா? பார்த்தாலே தெரியுமே. தங்கச்சி வந்து... கோமதி வந்து நடுத்தர உயரம். மாநிறம். சேலைதான் கட்டியிருப்பாள்.

படமா? என் போனில் இல்லை. போன் கேமராவை நான் மதிப்பதில்லை. கல்யாண ஆல்பம் இருந்தது, பீரோவின் கீழ்த்தட்டில். பல்பு மேல் தட்டுக்குத்தான். போன மழைக்கு எடுத்துப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, முகம் எல்லாம் பூஞ்சை தின்றுவிட்டது.

இருங்கள், ஒன்று சொல்ல முடியும். இடது கை. நான் தூங்குகிற படத்தில் ஒன்றில் அவள் கை குறுக்கே வந்துவிட்டது. ஈரத்துண்டை என் கண்ணிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டு, மறு கையால் எடுத்திருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கறுப்பு. அதையும் புள்ளி என்றுதான் பெரிதாக்கினேன். எண்ணெய் தெறித்த தழும்பு. அந்தத் தழும்பு இருக்கிறவள் கோமதி.

எப்போது தெறித்தது என்று தெரியவில்லை. மீன் பொரிக்கும்போது கதவைச் சாத்திவிடுவாள்.

போய் வாருங்கள் தம்பி. பார்த்தால்... ஒன்றும் இல்லை. ஹாட்பாக்ஸ் இன்னும் கழுவவில்லை என்று சொல்லுங்கள். இல்லை, அதையும் சொல்ல வேண்டாம். கதவை மட்டும் இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள், காற்று வருகிறது.

அடுப்பில் என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? சிலிகா ஜெல் குருணை. கேமரா டப்பாவுக்குள் போடுவது. நல்லபடியாக இருந்தால் நீலமாக இருக்கும், ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஸ் ஆகிவிடும். தோசைக்கல்லில் போட்டு லேசாக வறுத்தால் திரும்ப நீலத்துக்கு வரும். இவ்வளவு நேரம் பேசினதில் அடி கருகியிருக்கும். தீயைக் குறைத்துவிட்டுக் கொஞ்சம் கிண்டிவிடுகிறேன்.